கன்றுக்குட்டி தானாக வரவில்லை: கீழ்ப்படிதலைத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் கோயிலில் திடப்படுத்தல் வகுப்பு (கிறிஸ்தவ விசுவாசத்தில் உறுதிப்படுத்துவதற்கான வகுப்பு) எடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே கேள்வி என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையும் கேட்கும், ஐம்பது வயதில் விசுவாசத்துக்கு வந்தவரும் கேட்பார்: “கடவுளுக்குக் கீழ்ப்படியணும்னு சொல்றீங்க. சரி, நாளைக்குக் காலையில எழுந்து நான் என்ன செய்யணும்?”

நல்ல கேள்வி. இதற்குப் பிரசங்கம் போதாது. சமையல் சொல்லிக்கொடுப்பதுபோல, முதலில் இது, அப்புறம் இது என்று சொல்ல வேண்டும். வகுப்பில் அப்படிச் சொல்லிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கீழ்ப்படிதல் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியல்: குடி, சினிமா, நகை. நான் கண்டவரை அது தொடங்குகிற இடம் வேறு. ஏற்கெனவே தவறிப்போன ஓர் இடத்துக்குத் திரும்பிப் போய் நின்று, “ஆனால்” சேர்க்காமல் “நான் செய்தேன்” என்று சொல்வதில்தான் அது தொடங்குகிறது. அதைச் சொல்லப் பழகாதவர் எத்தனை கட்டளையைக் கைக்கொண்டாலும், உள்ளே ஓர் அறையை மட்டும் பூட்டியே வைத்திருப்பார். ஆறு வருடம் எனக்கும் அப்படி ஓர் அறை இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், கேட்பது

“உங்க பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா?” என்று பக்கத்து வீட்டு அக்கா விசாரித்தால், அவனுக்குக் காது கேட்கிறதா என்று அவர் விசாரிக்கவில்லை. நம் மொழியில் கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பழைய ஏற்பாட்டின் எபிரெயத்திலும் அப்படித்தான். ‘ஷமா’ என்ற வினைச்சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. உபாகமம் 6:4-இல் “இஸ்ரவேலே, கேள்” என்று வருவது அந்தச் சொல்தான். சாமுவேல் தீர்க்கதரிசி சவுல் ராஜாவிடம் சொன்னதும் இதையே: “பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்” (1 சாமுவேல் 15:22).

எதைக் கேட்பது? புதிதாக வருகிறவர்கள் உடனே தெரியாத காரியங்களுக்குப் போய்விடுகிறார்கள். எந்த வேலைக்குப் போவது தேவசித்தம், யாரைக் கட்டுவது தேவசித்தம் என்று. அதற்கெல்லாம் நேரம் வரும். தெரிந்தே செய்யாமல் வைத்திருப்பதை முதலில் எடுங்கள். மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள மூன்று அதிகாரங்கள் மலைப்பிரசங்கம். மொத்தம் 111 வசனங்கள்தான். ஒரு நாளைக்குப் பத்து வசனம் என்று வாசித்தால் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். வாசிக்கும்போது எங்கேயாவது சுருக்கென்று குத்தும். அந்த இடத்தில் நின்றுவிடுங்கள், மேலே போக வேண்டாம். ஒரு வாரம் அந்த ஒரே வசனத்தோடு இருந்து, அது சொல்கிறதைச் செய்து பாருங்கள். மச்சானிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுப்பதாக இருக்கலாம். ஆறு மாதமாகப் பேசாமல் இருக்கிற அண்ணனுக்குப் போன் போடுவதாக இருக்கலாம். இயேசு இதை அன்போடு முடிச்சுப் போட்டார் என்பதையும் மறக்க வேண்டாம்: “நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்” (யோவான் 14:15). பயந்து செய்வது கொஞ்ச நாள்தான் ஓடும்.

இரவில் பத்து நிமிடம்

செய்து பார்க்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எங்கே தவறுகிறோம் என்பது தெரிய ஆரம்பிக்கும். அதை அன்றன்றைக்கே பார்க்க ஒரு நேரம் வேண்டும். தூங்கப் போவதற்கு முன் பத்து நிமிடம் போதும். செல்போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

இதற்கு இஞ்ஞாசியார் வகுத்துக் கொடுத்த ஐந்து படிகள் உண்டு. சேசு சபையை நிறுவிய, 16-ஆம் நூற்றாண்டு இஞ்ஞாசியார்தான். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன்; ஆனாலும் இதைவிட எளிதான ஒழுங்கு எனக்குக் கிடைக்கவில்லை. முதலில் நன்றி சொல்வது. பொதுவாக அல்ல, அன்று கிடைத்த ஒன்றைப் பெயர் சொல்லி. அப்புறம் வெளிச்சம் கேட்பது. அதற்கு 139-ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களையே ஜெபமாகச் சொல்லலாம்: “தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்…” மூன்றாவது, காலையில் கண் விழித்ததிலிருந்து அந்த நாளை மெதுவாக நடந்து பார்ப்பது. யாரைப் பார்த்தேன், எங்கே சூடானேன், எங்கே மழுப்பினேன், யாரைக் கண்டும் காணாததுபோல் வந்தேன். நான்காவது மன்னிப்பு. ஐந்தாவது, நாளைக்கு என்ன செய்வேன் என்ற தீர்மானம்.

நன்றியில் தொடங்குவதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நேரே குற்றத்தில் தொடங்கினால் நம்மை நாமே போலீஸ் விசாரணை செய்வதுபோல் ஆகிவிடும். அன்பானவர் ஒருவரின் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைவு இருந்தால்தான் உண்மை வெளியே வரும்.

அன்றைய நாளை நடந்து பார்க்கும்போது எதைத் தேடுவது என்று தெரியவில்லையா? கத்தோலிக்கத் திருப்பலியில் மார்பில் தட்டிக்கொண்டு சொல்கிறார்களே, “சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும்” என்று, அந்த நான்கும் போதும். நான்காவதுதான் எல்லாருக்கும் தப்பிவிடும். செய்தது நினைவில் நிற்கும். செய்யாமல் விட்டது நிற்காது. “ஒருவன் நன்மைசெய்ய அறிந்தவனாயிருந்தும், அதைச் செய்யாமற்போனால், அது அவனுக்குப் பாவமாயிருக்கும்” என்று யாக்கோபு (4:17) எழுதுகிறார். ஒரு இரவுக்கு ஒரு தவறை மட்டும் எடுங்கள். பத்தை எடுத்தால் ஒன்றையும் சரிசெய்ய மாட்டோம்.

இந்தப் பழக்கம் தமிழுக்குப் புதிதல்ல. சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பின் அங்கே உழைத்த அண்டிரிக் அடிகளார்தான் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூலை அச்சிட்டவர். இரண்டே வருடத்தில், 1580-இல், கொச்சியில் அவர் தமிழில் அச்சிட்ட இன்னொரு நூல், பாவ அறிக்கை செய்வதற்கான கையேடு. தமிழில் அச்சான முதல் சில புத்தகங்களில் ஒன்று, தன் தவறைத் தானே பார்க்கச் சொல்லித்தருகிற புத்தகம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அந்தக் கடற்கரையில் யாரோ ஒரு மீனவர் அதைக் கேட்டு இரவில் உட்கார்ந்து யோசித்திருப்பார் அல்லவா?

வாக்கியத்தைத் திருத்துவது

இந்தப் படியில்தான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

அன்றைய தவறை ஒரு துண்டுத் தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எழுதியபின் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் கேட்டதைக் கேளுங்கள்: எழுவாய் எது?

தமிழ் நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. ‘உடைந்தது’ என்றும் சொல்லலாம், ‘உடைத்தேன்’ என்றும் சொல்லலாம். சில எழுத்து வித்தியாசத்தில் ஆள் காணாமல் போய்விடுவார். “கோபம் வந்துவிட்டது.” எழுவாய் கோபம்; அது தானாக வந்தது. “பணம் செலவாகிவிட்டது.” எழுவாய் பணம். “பேச்சுவாக்கில் வந்துவிட்டது.” இதில் எழுவாயே இல்லை. இவற்றைத் திருத்தி எழுதுங்கள். பிள்ளையைப் பார்த்துக் கத்தினேன். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தைச் செலவழித்தேன். அவளைப் பற்றி இல்லாததைச் சொன்னேன். எழுதும்போது கை தயங்கினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

யாத்திராகமம் 32-ஆம் அதிகாரத்தில் மோசேயின் அண்ணன் ஆரோன் செய்தது இதைத்தான். நான்காம் வசனத்தில் அவன் ஜனங்களின் பொன்னை வாங்கி, கருவி பிடித்துச் செதுக்கிக் கன்றுக்குட்டியைச் செய்கிறான். மோசே மலையிலிருந்து இறங்கிவந்து கேட்டபோது, 24-ஆம் வசனத்தில் அவன் சொல்லுகிற பதிலைப் பாருங்கள். பொன்னைக் கொடுத்தார்கள், “அதை அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது.” வந்ததாம்! செதுக்கிய கை வாக்கியத்தில் இல்லை. வகுப்பில் இதை வாசிக்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு, “கண்ணாடி டம்ளர் உடைஞ்சிருச்சும்மா” என்று கடைசியாக எப்போது வீட்டில் சொன்னீர்கள் என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

ஆதாமின் வாக்கியம் இன்னொரு வகை. “என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள் அவ்விருட்சத்தின் கனியை எனக்குக் கொடுத்தாள், நான் புசித்தேன்” (ஆதியாகமம் 3:12). உண்மை கடைசி இரண்டு சொற்களில் இருக்கிறது. அதற்கு முன்னால் மனைவிமேலும், அவளைத் ‘தந்த’ கடவுள்மேலும் ஒரே மூச்சில் பழி போட்டாயிற்று. நம் வீடுகளில் “நீ அப்படிப் பேசினதாலதான் நான் கை ஓங்கினேன்” என்பது இதன் நேர் வாரிசு.

சவுல் ஒரு படி மேலே. அமலேக்கியரின் ஆடுமாடுகளை அழிக்கச் சொன்ன கட்டளையை மீறி நல்லவற்றைத் தப்பவைத்துவிட்டு, ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள் என்கிறான். அதுவும் “உம்முடைய தேவனாகிய கர்த்தருக்கு” பலியிடுவதற்காம். பக்தியையே சாக்காக்கிவிட்டான். சபை வேலை என்று சொல்லி வீட்டுக் கடமையைத் தட்டிக்கழிக்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டும். கடைசியில் “பாவஞ்செய்தேன்” என்றும் சொன்னான். சொன்ன கையோடு மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான். பேர் கெடக் கூடாது என்பதே அவன் கவலை.

சவுலுக்குப் பின் ராஜாவான தாவீது செய்தது சவுல் செய்ததைவிடக் கொடியது. தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவையும் போர்முனையில் சாகவைத்தான். நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேராக “நீயே அந்த மனுஷன்” என்றபோது தாவீது சொன்னது: “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” (2 சாமுவேல் 12:13). எபிரெயத்தில் இரண்டே சொற்கள். பத்சேபாள் ஏன் கண்ணில் படும்படி குளித்தாள் என்று அவன் கேட்கவில்லை.

நம் சபைகளில் அதிகமாகக் கேட்கிற இன்னொரு சாக்கு, “சாத்தான் என்னை விழத்தள்ளிவிட்டான்.” சாத்தான் உண்டென்றே நானும் நம்புகிறேன். ஆனால் யாக்கோபு 1:14, அவனவன் தன் சொந்த இச்சையினாலே இழுக்கப்படுகிறான் என்கிறது. கதவைத் தட்டியது யாராக இருந்தாலும் தாழ்ப்பாளைத் திறந்தது நான்.

சூழ்நிலை என்று ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. தூக்கமில்லாமல் இருந்தீர்கள், கடன் நெருக்கியது, எதிராளியும் பேசினார். அவை உண்மையாகவே இருக்கலாம். அவற்றை வேறு வாக்கியமாக, வேறு ஒரு நாளில், யாராவது கேட்டால் சொல்லுங்கள். அறிக்கை செய்கிற வாக்கியத்துக்குள் அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

கடவுளிடம் சொல்வது

திருத்திய வாக்கியத்தை அப்படியே கடவுளிடம் சொல்லுங்கள். முடிந்தால் வாய்விட்டு. 1 யோவான் 1:9-இல் ‘அறிக்கையிட்டால்’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லின் பொருள், ஒத்துச் சொல்வது. அவர் அதைப் பார்க்கிறதுபோலவே நானும் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொள்வது. அவருக்குப் புதிதாக எந்தத் தகவலும் நாம் கொடுப்பதில்லை. நீளமாக ஜெபிக்கத் தெரியாதவர்கள், “ஆண்டவரே, நான் இன்று இதைச் செய்தேன். இது உமக்கு விரோதம். இயேசுவினிமித்தம் மன்னியும். நாளைக்கு இதைச் சரிசெய்யப் பெலன் தாரும்” என்று சொன்னால் போதும். பிறகு 51-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுத் தூங்குங்கள்.

கத்தோலிக்கராக இருந்தால், குருவானவரிடம் பாவ அறிக்கை செய்கிற ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. முதல் முறை போகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. கடைசியாக எப்போது செய்தீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு, பாவங்களைச் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். ஏதாவது மறந்துபோனால் குருவானவர் உதவுவார். நீங்கள் சொன்னதை அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது. அது திருச்சபைச் சட்டம். எங்கள் சபைகளில் ஆராதனையின் பொதுப் பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். அது நல்லது. ஆனால் கூட்டத்தோடு “பாவஞ்செய்தோம்” என்பதில் ‘நான்’ ஒளிந்துகொள்ள இடமுண்டு. அதனால் யாக்கோபு 5:16 சொல்கிறபடி, நம்பத்தகுந்த ஒரே ஒருவரிடம் தனியாகச் சொல்லவும் பழகுங்கள். ஐயரிடமோ (சபைப் போதகரை அப்படித்தான் அழைப்போம்), வாயைக் கட்டத் தெரிந்த ஒரு மூத்தவரிடமோ. சாட்சி என்ற பெயரில் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். அதில் அடுத்தவர் மானமும் போய்விடும்.

ஆளிடம் போவது

இப்போது என் பூட்டிய அறை.

இருபத்தைந்து வயதில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வசூலில் 1,400 ரூபாய் குறைந்தது. வசூலுக்குப் போய்வந்த தம்பிமேல் பழி விழுந்து, அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பேரேட்டைப் புரட்டியபோது தெரிந்தது, ஒரே ரசீதை நான் இரண்டு முறை வரவு வைத்திருக்கிறேன். பணம் குறையவே இல்லை. சொன்னால் என் வேலை போகும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். அடுத்த மாதம் அவனே வேலையை விட்டுப் போனான்.

ஆறு வருடம் நான் ஜெபித்தேன். “ஆண்டவரே, அந்தக் கடையில் நடந்ததை மன்னியும்” என்று. ‘நடந்தது.’ ஆரோனின் கன்றுக்குட்டி போலவே. ஒரு திருவிருந்து ஞாயிற்றில் மத்தேயு 5:23, 24 வாசிக்கப்பட்டது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்கிற பகுதி. அன்று நான் பந்திக்கு எழுந்து போகவில்லை.

விசாரித்து அவனைக் கண்டுபிடித்தேன். சின்னதாகப் பஞ்சர் கடை வைத்திருந்தான். நடந்ததை, இல்லை, நான் செய்ததைச் சொன்னேன். பணத்தை நீட்டினேன். அவன் டயரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்: “பணம் கிடக்கட்டும் அண்ணே. நான் திருடன்னு எங்க அம்மாகிட்ட வந்து சொன்னாங்களே, அதை யாரு எடுப்பா?”

நான் யோசித்தே பார்க்காத கடன் அது. அன்று மாலையே அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். “உங்க மகன் திருடலைம்மா, கணக்கைத் தப்பா எழுதினது நான், தெரிஞ்சும் சொல்லாம இருந்ததும் நான்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் பழைய முதலாளியிடமும் போனேன். “இப்ப எதுக்கு இதைக் கிளறுறே?” என்று அவர் எரிச்சல்பட்டார். ஆனால் அந்தத் தம்பியின் பெயர் அங்கேயும் துலங்க வேண்டியிருந்தது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டு வகுப்பில் சொல்கிறவை சில. நேரில் போங்கள்; தூரமாக இருந்தால் போனில் பேசுங்கள்; வாட்ஸப்பில் கைகூப்பும் படம் அனுப்புவது மன்னிப்பு கேட்பது ஆகாது. “உங்க மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சிருங்க” என்ற வாக்கியத்தை எடுத்துப்போகாதீர்கள். அந்த ‘இருந்தா’ எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அவர் பேசுவதைக் கடைசிவரை கேளுங்கள். திட்டினால் திட்டட்டும். “நான்தான் மன்னிப்பு கேட்டுட்டேனே” என்று மன்னிப்பைக் கடன் வசூல் மாதிரி கேட்காதீர்கள். அந்தத் தம்பி இன்றுவரை என்னை மன்னித்ததாகச் சொன்னதில்லை. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

போகக் கூடாத இடங்களும் உண்டு. உங்களைப் பார்த்தாலே அவர் நடுங்குவார் என்றால், அல்லது இனி வராதே என்று சொல்லியிருந்தால், போவது உங்கள் பாரத்தை இறக்கி அவர் தலையில் வைப்பது. நீங்கள் சொல்லப்போவதால் மூன்றாவது ஆளின் வாழ்க்கை உடையும் என்றால், முதலில் ஐயரிடமோ அனுபவமுள்ள ஒருவரிடமோ கலந்துபேசுங்கள். அவசரம் வேண்டாம்.

கணக்கைத் தீர்ப்பது

வேதம் இதில் மிகவும் கறார். லேவியராகமம் 6-ஆம் அதிகாரம், ஏமாற்றியோ பறித்தோ எடுத்தவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்கிறது. என் கணக்கில் 1,400-க்கு 280. ஆக 1,680. (அந்தத் தம்பி கொஞ்ச நாள் கழித்து வாங்கிக்கொண்டான்.) அங்கே ஒழுங்கைக் கவனியுங்கள்: உரியவனுக்குக் கொடுப்பதைச் சொன்ன பிறகுதான் ஆசாரியனிடம் பலியைக் கொண்டுபோவது வருகிறது. மத்தேயு 5-இல் இயேசு சொன்னதும் அதே ஒழுங்குதான். வரி வசூலிக்கிற சகேயு இன்னும் தாராளமாக, அநியாயமாய் வாங்கினதை “நாலத்தனையாகத்” திருப்பித் தருவேன் என்றான் (லூக்கா 19:8). இயேசு அவனிடம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை, அவனாகச் சொன்னான்.

மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் மாதாமாதம் கொடுங்கள். உரியவர் இறந்திருந்தால் அவர் குடும்பத்துக்கு. பெயரைக் கெடுத்திருந்தால், யாரிடமெல்லாம் கெடுத்தீர்களோ அவர்களிடமெல்லாம் போய் நேராக்குங்கள். அந்தப் பணத்தைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். அது கடவுளுடைய பணம் அல்ல, அந்த ஆளுடைய பணம்.

மன்னிப்புக் கிடைத்தாலும் விளைவு நிற்காது. தாவீதுக்கு மன்னிப்பு அந்த நிமிடமே சொல்லப்பட்டது. வீட்டில் வந்த துயரம் வந்தேதான் தீர்ந்தது. வேலை போகலாம், வழக்கு வரலாம். “ஆண்டவர் மன்னித்துவிட்டார், நீங்கள் யார் கேட்க?” என்று சபையாரிடம் சொல்கிறவர் இன்னும் அறிக்கை செய்யவில்லை. குற்றம் சட்டத்துக்கு உட்பட்டதென்றால் அங்கேயும் போய் நிற்க வேண்டும். குறிப்பாக, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சபைக்குள் ஜெபம் பண்ணி மூடிவிடுவது கீழ்ப்படிதல் அல்ல, இரண்டாவது குற்றம்.

உங்களுடையது அல்லாததைச் சுமக்காதீர்கள்

இதைப் படிக்கிற சிலர் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறவர்களாக இருப்பார்கள். அவர்களுக்காக இதைத் தனியாக எழுதுகிறேன். கணவன் அடிப்பது மனைவியின் பாவம் அல்ல. அப்பா குடித்து அழிந்தது பிள்ளையின் பாவம் அல்ல. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 தெளிவாகச் சொல்கிறது. “கீழ்ப்படிதல்” என்ற சொல்லை வைத்து யாராவது உங்களை அடிவாங்கிக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னால் கேட்க வேண்டாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன, அழையுங்கள். அதேபோல, ஒரு போதகர் தன் சொல்லையே தேவனுடைய சொல்லாக்கி உங்களை ஆட்டிவைத்தால், அப்போஸ்தலர் 5:29-ஐ நினையுங்கள்: “மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது.”

மறுபடியும் விழும்போது

விழுவோம். அதே பிள்ளையிடம் அதே மாதிரி கத்துவோம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும், அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவும் ஒரே இரவில் தவறினார்கள், இருவருக்கும் மனம் உடைந்தது. யூதாஸ், “குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்” என்று சரியாகத்தான் சொன்னான், வெள்ளிக்காசையும் எறிந்துவிட்டான். ஆனால் தனியாகப் போய்விட்டான். பேதுரு அழுதான், ஆனால் மற்ற சீஷரைவிட்டுப் பிரியவில்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான், தவறிய வாரத்தில் கோயிலுக்கு வராமல் இருந்துவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் கெஞ்சுகிறேன். பின்வரிசையிலாவது வந்து உட்காருங்கள்.

பேதுரு மறுதலித்த இடத்தில் ஊழியக்காரர் கரிநெருப்புப் போட்டுக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள் (யோவான் 18:18). மூன்று அதிகாரம் தள்ளி, கரையில் இயேசு மீன் சுட்டுக்கொண்டிருப்பதும் கரிநெருப்பில்தான் (21:9). புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அந்த வாசனை பேதுருவுக்கு எதை நினைப்பூட்டியிருக்கும்! இயேசு முதலில் சாப்பிடக் கொடுத்தார். அப்புறம் மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை, என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு வேலையைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் பேதுரு என்ன செய்தான் தெரியுமா? திரும்பிப் பார்த்து, பின்னால் வருகிற இன்னொரு சீஷனைக் காட்டி, “ஆண்டவரே, இவன் காரியம் என்ன?” என்று கேட்டான். மன்னிக்கப்பட்டு முழுதாக ஒரு நிமிடம் ஆகவில்லை, கண் அடுத்தவன்மேல் போய்விட்டது. “உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா” என்றார் இயேசு. இரவில் பத்து நிமிடம் உட்காரும்போது அடுத்தவர் செய்ததே வரிசையாக நினைவுக்கு வருகிற நாட்களில், நான் யோவான் 21-ஐ எடுத்து அந்த வசனம்வரை வாசிக்கிறேன். பிறகு துண்டுத் தாளை எடுத்து என் வாக்கியத்தை எழுதுகிறேன்.